முதலாளியின் துண்டு

தீக்குச்சியே இல்லாமல் துணி பற்றிக்கொள்ளுமா, சொல்லுங்கள்? பற்றும் என்றாள், மரப்பட்டறையில் வேலை பார்க்கும் தேனம்மை. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடேறும், சுருட்டினால் அந்தச் சூடு உள்ளேயே அடைபட்டுத் துணி பற்றும் என்பது அவள் கணக்கு. அதனால்தான் கதவுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடாமல் வாசல் கொடியில் விரித்துக் காயப்போட்டாள்.

எண்ணெய் காயாத கதவில் சாய்ந்தபடி முதலாளி வைரப்பன் சிரித்தார். "என் பட்டறை என்ன கந்தல் கடையா? சுருட்டி வச்சா தானா எரியுமோ? எரிச்சுக் காட்டு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"காட்டுறேன் முதலாளி. உங்க துண்டை மட்டும் குடுங்க."

துண்டை எண்ணெயில் நனைத்து, மற்ற துணிகளோடு சுருட்டித் தகர வாளியில் திணித்து, மரத்தூள் இல்லாத வெயில் முற்றத்தில் வைத்தாள். பக்கத்தில் நாற்காலி போட்டு வைரப்பனே காவல் இருந்தார்.

சாயங்காலம் வாளி புகைந்தது. பிறகு துண்டு பற்றியது. தேனம்மை சாவகாசமாக வாளியைத் தகரத்தால் மூடினாள்.

வைரப்பன் அவசரமாகச் சட்டையைக் கழற்றி நீட்டினார்.

"முதுகெல்லாம் எண்ணெய், தாயி. கொடியில இதுக்கும் கொஞ்சம் இடம் விடேன்."