தொண்டை நோகுதா என்று கேட்டவர்

கடலோரத்துத் திருப்புன்னைத்துறையில் நஞ்சுண்டநாதர் எழுந்தருளியிருக்கிறார். அவ்வூர் ஆஸ்பத்திரியின் கோடியில், தொண்டை அடைப்பான் நோய் கண்ட பிள்ளைகளைத் தனியே வைத்துப் பார்க்கும் ஓட்டுக் கட்டடம் ஒன்று இருந்தது. அங்கே மலச்சட்டி கழுவி, தரை துடைத்து, நோய்த்துணிகளைக் கொளுத்தும் வேலையைப் பார்த்துவந்தவர் பக்கிரிசாமி என்னும் அடியார்.

நாள்தோறும் வேலை முடிந்ததும் கார்பாலிக் சோப்புப் போட்டுக் குளித்து, வேறு வேட்டி கட்டிக்கொண்டு, கோயில் குளத்தின் எதிர்க்கரைக்குப் போய் நிற்பார். அதற்கு மேல் ஓர் அடி வைக்கமாட்டார். அவரை யாரும் தடுத்ததில்லை. கோயிலுக்குக் குழந்தைகள் வருவார்கள், தம் மூச்சு அவர்கள்மேல் படவேண்டாம் என்று அவராக எடுத்துக்கொண்ட விரதம் அது. அங்கிருந்து கோபுரம் மட்டுமே தெரியும். அதைக் கும்பிட்டுவிட்டு, தாயில்லாத தம் மகள் தில்லைக்குச் சோறாக்க வீட்டுக்குப் போவார்.

அந்த வார்டுக்குள் பெற்றவர்களை விடுவதில்லை. ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பவேண்டியதுதான். பிள்ளைகள் அழுவார்கள்; அழ அழத் தொண்டை இன்னும் அடைக்கும். அவர்களை அமர்த்துவதற்காகப் பக்கிரியார் தரை துடைத்தபடியே வாய்க்கு வந்ததைப் பாடத் தொடங்கினார். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றவர் அவர். சிவனையும் சிவனுடைய மாட்டையும் பாம்பையும் நிலாவையும் தவிர அவருக்கு வேறொன்றும் பாடத் தெரியாது. பிள்ளைகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பாம்பே பாம்பே, உனக்கங்கே
கழுத்தில் என்ன வேலை?
குளிருதென்று சுற்றிக் கொண்டேன்,
அப்பன் சொன்னான் மாலை!

நேற்றுப் பாடியதை இன்றும் பாடு என்று பிள்ளைகள் கேட்டபோது அவருக்கு அடி மறந்துபோயிற்று. ஆகவே பழைய காலண்டர் தாள்களின் பின்புறத்தில் பெரிய பெரிய எழுத்தாக எழுதினார். பாட்டுக்கொரு படம், கரித்துண்டால் போட்டது. காயம் தைக்கும் நூலைக் கேட்டு வாங்கித் தாள்களைத் தைத்தார். அந்தப் புத்தகம் கட்டில் கட்டிலாகக் கைமாறியது.

ஒருநாள் ஐந்து வயதுப் பெண்ணொருத்தி கஞ்சி இறங்காமல் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். பக்கிரியாரைப் பார்த்து, "மாமா, சாமியும் வெசம் சாப்புட்டுச்சாம்ல. அதுக்கும் இப்புடித்தான் வலிக்குமா?" என்று கேட்டாள். அவர் அன்று முழுதும் அதையே நினைத்துக்கொண்டு வேலை செய்தார். மறுநாள் அந்தக் கேள்வியே பாட்டாயிற்று.

நஞ்சு தின்ன சாமி, சாமி,
தொண்டை நோகுதா?
கஞ்சி கொஞ்சம் நானும் தாரேன்,
உள்ளே போகுதா?

சாமிக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று அந்தப் பெண் கிண்ணத்தைக் காலிசெய்தாள். மற்றப் பிள்ளைகளும் அப்படியே விழுங்கினார்கள். இதைக் கண்ட டாக்டரம்மா, இப்பாட்டுகள் அச்சானால் இப்படிக் கிடக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவுமே என்றார்.

ஊரில் சிறு நூல்களை அச்சிட்டு வந்தது சைவ சபை. பக்கிரியார் அதன் வாசலுக்கு எதிரே, தெருவில் நின்றபடியே தம் பாட்டைப் படித்துக் காட்டினார். சபைத் தலைவர் வித்துவான் சபாரத்தினம், நஞ்சுண்டநாதர்மேல் நூற்றுக்கணக்கில் செய்யுள் இயற்றியவர். கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

"ஆலகாலத்தையே அடக்கின கண்டம் அது. அதுக்கு நோவு உண்டா? இது பாட்டா, பழியா?" என்றார்.

சபையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சட்டி கழுவுகிறவனுக்குச் சந்தம் வேறா என்றார் ஒருவர். பக்கிரியார், "எனக்குத் தெரியாதுங்கய்யா. புள்ள கேட்டுச்சு, எழுதுனேன்" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

அதற்குப் பிறகும் அவர் எழுதினார். ஓய்வுநாள்களில் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து புதுப் பாட்டுகளைச் சேர்த்தார். முப்பத்துநான்கு பாட்டுகள் ஆயின. தில்லை அதை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிப்பாள். பக்கிரியார் கை கழுவிவிட்டுத்தான் வந்தார், வேட்டி மாற்றிவிட்டுத்தான் வந்தார். எழுதிய தாளுக்கு நோய் ஒட்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஐப்பசியில் தில்லைக்குக் காய்ச்சல் கண்டது. தந்தை துடைத்த தரைமேல் போட்டிருந்த கட்டிலிலேயே அவளைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். ஐந்தாம் நாள் குரல் போயிற்று. உதடு மட்டும் அசைந்தது. எந்த வரி என்று அவருக்குத் தெரியும். ஆறாம் நாள் காலையில் அதுவும் நின்றது.

புத்தகத்தால் வந்ததா என்று அவர் டாக்டரம்மாவைக் கேட்டார். அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. இருக்கலாம், வேறு வழியாகவும் வந்திருக்கலாம், யாராலும் உறுதியாகச் சொல்லமுடியாது என்றார். ஆனால் இனி அதை வார்டில் வைக்கக்கூடாது, எரித்துவிடவேண்டும் என்றார். எரிப்பது பக்கிரியாரின் வேலை. மகளுடைய பாவாடையையும் அந்தப் புத்தகத்தையும் அவரே தீயில் இட்டார். நூல் பிரிந்து தாள் தாளாக எரிந்து அடங்கும்வரை அங்கேயே நின்றார்.

சாமியைக் குறைசொன்ன பாட்டு, எழுதினவன் பிள்ளையையே கொண்டுபோயிற்று என்று ஊரார் பேசினார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. அன்று குளத்தங்கரையில் நின்று கோபுரத்தைப் பார்த்து மெல்லச் சொன்னார்:

"முழுங்கவும் முடியாம, துப்பவும் முடியாம நிக்கிற. நானும் அப்புடியே நிக்கிறேம்பா."

மகள் போன மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்பினார். பாட்டுச் சொல்லும்படி பிள்ளைகள் கேட்டார்கள். அவர் வாளியை எடுத்துக்கொண்டார். நினைவிருந்ததைப் பிள்ளைகளே பாடினார்கள். அவர் குனிந்து தரையைத் துடைத்தார். துடைத்த இடமே மறுபடியும் நனைந்தது.

கார்த்திகையில் சனிப் பிரதோஷம் வந்தது. நஞ்சுண்ட வேளையல்லவா, கோயில் நிறைந்த கூட்டம். சுவாமிநாத குருக்கள் பாலபிஷேகம் செய்துகொண்டிருந்தார். நந்திக்கு அருகே நின்று, திருநீலகண்டத்தின்மேல் தாம் புதிதாகப் பாடிய செய்யுளைத் தொடங்கினார் சபாரத்தினம். முதலடி முடியுமுன் கருவறையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அது அவ்விருவர் செவிக்கு மட்டுமே கேட்டது.

"எல்லாரும் புகழ்ந்தீர்கள். நோகிறதா என்று கேட்டவன் ஒருவன்தான். அவன் எங்கே?"

குருக்கள் பாற்குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் புலவரைத் திரும்பிப் பார்த்தார். சபாரத்தினம் ஏட்டைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஜன்னலுக்கு வெளியே நின்று, மூச்சு வாங்க, "ஐயா, சுவாமி உங்களைக் கூப்பிடறார்" என்றார்.

பக்கிரியார் ஒரு கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தார். அதில் ஒரு குழந்தை அவர் விரலைப் பற்றியபடி கண்மூடிக் கிடந்தது.

"புள்ள கையப் புடிச்சுக்கிட்டு இப்பத்தான் தூங்குதுங்க. எடுத்தா முழிச்சுக்கும். சாமி கோச்சுக்காது" என்றார்.

புலவர் திரும்பிவந்து நடந்ததைச் சொன்னார். குருக்கள் சிறிதும் யோசிக்கவில்லை. "அவர் வரலேன்னா என்ன, சுவாமி போகட்டும்" என்றார். பிரகாரத்தைச் சுற்றி உள்ளே போகவேண்டிய ரிஷப வாகனம் அன்று மாலை வாசலைக் கடந்து, ஆஸ்பத்திரித் தெருவில் திரும்பியது. ஜன்னலோரம் நின்றிருந்த தாய் தந்தையர் விலகி வழிவிட்டார்கள். பெற்றவர்கள் நின்று ஏங்கும் அந்த இடத்தில் நஞ்சுண்டநாதர் வந்து நின்றார்.

பக்கிரியாரால் கை கூப்ப முடியவில்லை. ஒரு கை குழந்தையிடம் இருந்தது. தலையை மட்டும் தாழ்த்தினார். மகள் போன நாளிலும் ஓலமிடாதவர் அப்போது வாய்விட்டு அழுதார். சுவாமி அவர் அழுது முடியும்வரை அங்கேயே நின்றார்.

அடுத்த மாசியில் அதே நோய் அவரையும் பற்றி, இறைவன் திருவடியில் சேர்த்தது. அதன்பின் சபாரத்தினம் அப்பாட்டுகளை அச்சேற்ற எண்ணி, பிழைத்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஊர் ஊராகத் தேடிப்போய்ப் பாடச் சொல்லி எழுதிக்கொண்டார். பதினொரு பாட்டுகளே கிடைத்தன. மற்ற இருபத்துமூன்றையும் அறிந்திருந்த பிள்ளைகள் உயிரோடு இல்லை.

நஞ்சுண்டவர் பெருமையைப் பாடினோர் பலர். அவர் நோவைக் கேட்ட பக்கிரியாரின் ஈரநெஞ்சை என்றும் போற்றுவோம்.