ஆள்காட்டி கத்தாத மாலை

அந்தக் காலத்தில், பறவையும் விலங்கும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு ஒரே குளத்தில் தண்ணீர் குடித்த காலத்தில், ஆள்காட்டிக் குருவி வாயைத் திறப்பதே அபூர்வம். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் அப்படித்தான் இருந்தது.

முதலில் குளக்கரைக் காவல் மைனாவிடம்தான் இருந்தது. பழம் விழுந்தாலும் கத்தும், பாம்பு வந்தாலும் கத்தும். ஓடி ஓடிக் கால் ஓய்ந்த விலங்குகள் கடைசியில் அதைக் கேலி செய்து துரத்திவிட்டு, காவலை ஆள்காட்டியிடம் கொடுத்தன. மைனா பட்ட அவமானத்தை ஆள்காட்டி நேரில் பார்த்திருந்தது. கண்ணால் கண்டால் ஒழியக் கத்துவதில்லை என்று முடிவு செய்துகொண்டது. ஒரே ஒரு தடவை தவறாகக் கத்திவிட்டு, ஒவ்வொரு விலங்கையும் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டது. இப்படித்தான் அதன் பேச்சுக்கு மதிப்பு ஏறியது. அது "வேண்டாம்" என்றால் யானைக் கூட்டம்கூட வந்த வழியே திரும்பிப் போகும். அந்த மதிப்பு அதற்கு இனித்தது. இனிக்காதா பின்னே!

ஒரு மாலை, புள்ளிமான் ஒன்று முதன்முதலாகத் தன் குட்டியைத் தண்ணீருக்குக் கூட்டி வந்தது.

"பயமா இருக்கும்மா," என்றது குட்டி.

"ஆள்காட்டி அக்கா சும்மாதானே நிக்குது. அப்புறம் என்ன பயம்? போய்க் குடி."

ஆள்காட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் எதிர்க்கரையில் ஒரு நாணல் புதர் கண்ணில் பட்டது. காலையில் அது அங்கே இருந்ததா? இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. வேடர்கள் உடம்பில் தழையைக் கட்டிக்கொண்டு வருவார்கள் என்று அது கேள்விப்பட்டிருந்தது. கத்தல் தொண்டை வரை வந்துவிட்டது. வெறும் புதராக இருந்துவிட்டால்? இத்தனை நாள் சேர்த்த பேர் என்ன ஆவது? இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று விழுங்கிக்கொண்டது.

புதர் எழுந்து நின்றது. ஆள்காட்டி கத்தியபோது குட்டியின் மேல் அம்பு பாய்ந்திருந்தது.

வேடன் குட்டியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு தாய்மான் வந்து நின்றது. "உனக்குத் தெரியலையா அக்கா?"

"சந்தேகமாத்தான் இருந்துச்சு. உறுதியாத் தெரியாம எப்படிக் கத்துறதுன்னு..."

"சந்தேகம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமே. உன் பேச்சுக்கு நான் ஓடியிருப்பேனே."

சொல்லிவிட்டு மான் திரும்பிக் காட்டுக்குள் நடந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் ஒரு சருகு உருண்டது. ஆள்காட்டி கத்தியது. ஆமை நகர்ந்தது. அதற்கும் கத்தியது. விலங்குகள் முதலில் ஓடின, பிறகு நடந்தன, பிறகு தலையைக்கூடத் தூக்கவில்லை. கொக்குக்குத்தான் மனசு கேட்கவில்லை. "ஏன் இப்படி உன் பேரை நீயே கெடுத்துக்கிறே?" என்றது.

"கெட்டுப் போகட்டும்," என்று சொல்லிவிட்டு ஆள்காட்டி மறுபடியும் கத்தியது.

அன்று முதல்தான் ஆள்காட்டி ஆள் வந்தாலும், மாடு வந்தாலும், ஒன்றுமே வராவிட்டாலும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருக்கிறது. யாரும் அதை நம்புவதில்லை.