தூரத்துச் சக்கரம்

“டீலர்காரன் திருடன், அம்மிணி. வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்றார் சுந்தரவடிவேல்.

ஷம்ஷாத் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவருடைய ஜெர்மன் கார் இழுவை வண்டியில் வந்து, அவளுடைய தகரக் கொட்டகைக்குள் இறங்கியிருந்தது. பின்விளக்கு உடைந்திருந்தது. டிக்கி மூடி நசுங்கியிருந்தது. பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கியவர் முதலில் கேட்டது இது:

“ஆள் யாரும் இல்லியா?”

“நான் ஆள்தானுங்க சார்.”

“மெக்கானிக்கக் கேட்டேன்.”

“அதுவும் நான்தான்.”

அவருக்கு அறுபத்து மூன்று வயது. கோயம்புத்தூரில் நூல் மில் நடத்தி, விற்றுவிட்டவர். அவளுக்கு முப்பத்தொன்று. இந்த மாதிரிக் கார்களை விற்கும் ஒரு டீலரிடம் ஒன்பது வருடம் ஸ்பானர் பிடித்தவள். அங்கிருந்து வெளியே வந்து தனியாகக் கொட்டகை போட்டிருந்தாள்.

“எப்படித் திருடன்னு சொல்றீங்க?”

“போன சர்வீசுக்கு முன்னாடி ஏர் ஃபில்டர் ஓரத்துல சின்னதா ஒரு பொட்டு வெச்சேன். என் சம்சாரத்தோட நெயில் பாலிஷ், செவப்பு. வண்டி திரும்பி வந்துச்சு. புது ஃபில்டர் போட்டதாப் பில்லு. மூடியத் தொறந்து பாத்தா, பொட்டு என்னப் பாத்துச் சிரிக்குது.”

“சண்டை போட்டீங்களா?”

“விடுவனா? மன்னிப்புக் கேட்டு ஒரு டப்பா லட்டு அனுப்பிச்சான். நெனச்சுப் பாரு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நம்ம வண்டி. இந்தப் பக்கம் நம்மளுக்கு சோபா, காபி. அங்க என்ன நடக்குதுன்னு கேட்டா, நம்மளப் பைத்தியக்காரனப் பாக்கற மாதிரி பாக்கறான். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இனி என் வண்டிய நானேதான் பாத்துக்குவேன்.”

“பாத்துக்கிட்டீங்களா?”

“இது எட்டாம் வருசப் பெரிய சர்வீஸ். எஞ்சின் ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எல்லாத்தையும் வீடியோ பாத்து, புஸ்தகம் பாத்து, இந்தக் கையால மாத்தினேன். ஒரு குத்தம் சொல்லு பாக்கலாம்.”

அவள் பானெட்டைத் திறந்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

“குத்தமே இல்லீங்க. நான் வேலை பாத்த டீலர்கிட்ட ஆளுங்களே இவ்ளோ சுத்தமாப் பண்ண மாட்டாங்க.”

அவர் முகம் ஒரு நொடி இளகியது.

அவள் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள். பக்கத்து இருக்கையில் ஒரு கைத்தடி கிடந்தது.

“இது யாருங்க சார்?”

“யாருன்னு கேக்கறே. கைத்தடி. என் சம்சாரத்தோடது. அவ போயி ரெண்டு வருசம் ஆச்சு.”

“வண்டியில என்ன பண்ணுது?”



“பிரேக் ஆயில் மாத்தறதுக்கு ரெண்டு பேர் வேணும்னு போட்டிருக்கு. ஒருத்தர் உள்ள உக்காந்து பெடல மிதிச்சுப் பிடிக்கணும். இன்னொருத்தர் சக்கரத்துகிட்ட இருக்கற திருகாணிய, நிப்பிளத் தொறந்து, பழைய ஆயிலையும் காத்தையும் வெளிய விடணும். மூடற வரைக்கும் கால எடுக்கக் கூடாது. எடுத்தா காத்து உள்ள போயிரும். எனக்கு எல்லாம் தெரியும். ஆனா நான் ஒருத்தன்தானே. பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவுல இத முட்டுக் கொடுத்தேன்.”

“நின்னுச்சுங்களா?”

“நின்னுச்சு. எப்ப நழுவுச்சுன்னுதான் தெரியல.”

“சொல்லலையா?”

“கைத்தடி எப்படிம்மா சொல்லும்?”

ஷம்ஷாத் கைத்தடியை எடுத்துச் சுவரோரமாகச் சாத்தினாள்.

அன்று காலை அவர் காரைப் பின்னால் எடுத்தபோது பெடல் தரைவரைக்கும் போயிருந்தது. வீட்டு கேட் தூண்தான் காரை நிறுத்தியது.

“ஞாயித்துக்கிழமை வால்பாறை போயாகணும். நாப்பது கொண்டை ஊசி வளைவு. பிரேக் இல்லாமப் போக முடியாது.”

“அங்க யாருங்க?”

“பொண்ணு. மேகலை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில டாக்டர்.”

போனை எடுத்துக் காட்டினார். ஒரே ஒரு செய்தி இருந்தது. *பாப்பாவுக்குக் காதுகுத்து. ஞாயிறு காலை பத்து மணி.*

“வாங்கன்னு போடல, பாரு.”

“வராதீங்கன்னும் போடலியே.”

“நாலு வருசமாப் பேச்சில்ல. அவ கட்டிக்கப்போற பையன் எப்படிப்பட்டவன்னு விசாரிச்சுட்டு வர ஒரு ஆள விட்டேன். அது அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. கல்யாணத்துக்கே கூப்பிடல. அவ அம்மா போனப்ப வந்தா, அப்பவும் எங்கிட்டப் பேசல.”

“பையன் எப்படியாம்?”

“தங்கமான பையன்னுதான் ஆள் வந்து சொன்னான்.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை.

“குழந்தைய மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் காது குத்தணும். மேகலைக்குக் கூடப்பொறந்தவன் கிடையாது. யார் மடின்னு தெரியல.”

அதைச் சொல்லும்போது அவர் காரின் உடைந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நிமிர்ந்தார். “நீ எங்கூட இருக்க வேண்டியதில்ல. தனியா ஒருத்தன் எப்படிப் பண்றதுன்னு மட்டும் சொல்லிக் கொடு. மீதிய நான் பாத்துக்கறேன். எவனையும் நம்பறதா இல்ல.”

“உள்ள ஏறி உக்காருங்க சார்.”

“எதுக்கு?”

“பெடல் மிதிக்க.”

“மிதிக்கறதுக்கா வந்தேன்? கத்துக்க வந்தேன்.”

“நம்ம கொட்டகையில வண்டிக்காரங்கதான் மிதிக்கணும். அது வழக்கமுங்க.”

“என்ன வழக்கம்? அந்த மூலையில மிஷின் இருக்கே. டீலர் அதுலதான் எடுக்கறான். மிதிக்க ஆளே வேண்டாம்.”

“இருக்குங்க.”

“ஓடுமா?”

“நல்லா ஓடும்.”

“அப்புறம் நான் எதுக்கு?”

அவள் வேறொரு காரின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அவர் பிளாஸ்டிக் ஸ்டூலில் மதியம்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனார்.

வீட்டில் எட்டு அறைகள். ஒன்றில் மட்டும் மின்விசிறி ஓடும்.

சாயங்காலம் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தார்.

“வணக்கம், திரு சுந்தரவடிவேல் அவர்களே. உங்கள் பிறந்தநாளில் எங்கள் நிறுவனம்…”

டீலரின் பதிவுக் குரல். வருடா வருடம் வருவது. அது முடியும்வரை காதிலேயே வைத்திருந்தார்.

“நன்றிம்மா” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அவள் கொட்டகையைத் திறக்கும்போது வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“நீ சொல்றது நியாயமே இல்ல” என்று ஆரம்பித்தார். “காசு வாங்கறவ நீ. கால் வலிக்க மிதிக்கறவன் நானா? டீலர்கிட்டயாவது காபி உண்டு.”

“கடைக்கு அடுத்த கடை டீக்கடைங்க. நல்லா இருக்கும்.”

“பேச்ச மாத்தாத. டீலர்கிட்ட விட்டா என்ன நடக்குதுன்னு தெரியாது. நானே பண்ணினா எல்லாம் என் கண்ணு முன்னால நடக்கும். இதுல எது சரி? ஒண்ணச் சொல்லு.”

“ரெண்டுலயும் நீங்க தனியாத்தான இருக்கீங்க.”

  அவர் பேச்சை மாற்றினார்.

“நீ ஏன் அங்கிருந்து வந்துட்டே? திருடச் சொன்னாங்களா?”

“இல்லீங்க. ஒம்போது வருசத்துல ஒரு வண்டிக்காரர் மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல.”

கார் இடுப்பு உயரத்துக்கு லிஃப்டில் ஏறி நின்றது. சக்கரங்களைக் கழற்றியிருந்தாள். மதியம் அவள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், அவர் சட்டைப் பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்தார். நாலு நிப்பிளிலும் கடுகளவு சிவப்புப் பொட்டு வைத்தார். ஊதிக் காயவைத்தார். குப்பியைப் பையில் போட்டுக்கொண்டார்.

“நாளைக்கு வந்து மிதிக்கறேன்” என்றார், ஏதோ பெரிய சலுகை கொடுப்பவர்போல.

சனிக்கிழமை ஸ்டூலில் கால் வைத்துக் காருக்குள் ஏறி உட்கார்ந்தார்.

“எங்கிருந்து ஆரம்பிப்பே?”

“தூரத்துச் சக்கரத்துல இருந்துங்க. உங்க காலுக்கு எது ரொம்பத் தூரமோ அது. இடது பின்னாடி.”

“பக்கத்துல இருக்கறதுல ஆரம்பிச்சா என்ன?”

“தூரத்துல நிக்கற காத்து அங்கயே நின்னுக்கும்.”

அவள் கண்ணில் படாமல் போனாள். குரல் மட்டும் வந்தது.

“மூணு தடவ மிதிங்க. மிதிச்சுப் பிடிங்க. பிடிச்சா பிடிச்சிருக்கேன்னு சொல்லணும்.”

“பிடிச்சிருக்கேன்.”

காலுக்கடியில் பெடல் மெல்ல இறங்கியது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. பத்தடி தள்ளி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அவள் விரல் திருகுவது அவர் பாதத்துக்குத் தெரிந்தது.

“மூடிட்டேன். விடுங்க.”

விட்டார்.

“மிதிங்க.”

“பிடிச்சிருக்கேன்.”

“மூடிட்டேன். விடுங்க.”

கொட்டகையில் வேறு சத்தம் இல்லை. இரண்டு வருடத்தில் அவரிடம் ஒருவர் இத்தனை முறை தொடர்ந்து பேசியதில்லை.

இரண்டாவது சக்கரம். வலது பின்னாடி. அவருடைய பக்கம். கதவு திறந்தே இருந்தது.

“பிடிச்சிருக்கேன்” என்றார்.

பெடல் இறங்க ஆரம்பித்தது. பொட்டு அழிந்திருக்குமா என்று நினைத்தார். தலையை வெளியே நீட்டினார். தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்தார்.

“சார்!”

அவர் கால் அந்தரத்தில் இருந்தது.

கீழே நிப்பிளிலிருந்து பாட்டிலுக்குப் போன குழாயில் சின்னச் சின்னக் குமிழ்கள் பின்னோக்கி ஓடின.

“கால எடுத்தீங்களா?”

“இல்ல. லேசா.”

“என்ன பண்ணுனீங்க?”

அவர் பொய் சொல்லத்தான் நினைத்தார். அந்தக் கொட்டகையில் பொய் சொல்வதற்கு அவளைத் தவிர ஆள் இல்லை.

“நீ சரியாப் பண்றியான்னு பாத்தேன்.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் அழுக்கு ஆயில் பாட்டிலைக் காலி செய்து, எடுத்துக்கொண்டு, மறுபடி இடது பின்னாடிப் பக்கம் நடந்தாள்.

“இங்கதானே காத்து உள்ள போச்சு? இத மட்டும் எடுத்தாப் போதாதா?”

“மொதல்ல இருந்துதாங்க சார்.”

“ஒரு நொடிதானே எடுத்தேன்.”

“மிதிங்க.”

அவர் கதவைச் சாத்தினார். கண்ணையும் மூடிக்கொண்டார்.

“பிடிச்சிருக்கேன்.”

“மூடிட்டேன். விடுங்க.”

“பிடிச்சிருக்கேன்.”

தொடையில் நடுக்கம் எடுத்தது. காலை எடுக்கவில்லை. எத்தனை முறை என்று எண்ணவில்லை. நாலாவது சக்கரம் முடிந்து, பெடல் காலடியில் கல்மாதிரி நின்றபோது கண்ணைத் திறந்தார்.

ஷம்ஷாத் கதவருகே நின்றிருந்தாள். உள்ளங்கையில் ஸ்பானர். அதன் வாயில் சிவப்புப் பொடி ஒட்டியிருந்தது.

“நாலுலயும் இருந்துச்சுங்க” என்றாள்.

அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்தார்.

“எப்பப் பாத்தே?”

“நேத்தே.”

“அப்ப ஏன் கேக்கல?”

“நல்ல கலருங்க. உங்க வீட்டம்மாவுக்குப் பிடிக்குமோ?”

அவர் சட்டைப் பையிலிருந்த குப்பியைத் தொட்டுப் பார்த்தார். “விசேஷத்துக்கெல்லாம் இதத்தான் போட்டுக்குவா. நாந்தான் போட்டுவிடுவேன். அவளுக்குக் கை நடுங்கும்.”

சக்கரங்களை மாட்டி, காரை இறக்கி, இரண்டு தெரு ஓட்டிப் பார்த்துத் திரும்பினார்கள். பிரேக் பிடித்தது. இருந்தும் அவர் போகாமல் நின்றார்.

“அம்மிணி, தப்பா எடுத்துக்காத. நீ சரியாத்தான் பண்ணியிருக்கேன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? பொட்டு அழிஞ்சதால நீ நிப்பிளத் தொறந்தேன்னு தெரியுது. காத்து மொத்தமும் போச்சுன்னு எப்படித் தெரியும்?”

அவள் யோசித்தாள்.

“நீங்க பிடிச்சிருக்கேன்னு சொன்னீங்க. நான் தொறந்தேன்.”

“அது பதிலா?”

அவள் ஓரமாகச் சாத்தி வைத்திருந்த கைத்தடியை எடுத்து வந்தாள். பக்கத்து இருக்கையில் சாய்த்து வைத்தாள். சீட் பெல்ட்டை இழுத்து அதற்குப் போட்டுவிட்டாள்.

“மெதுவாப் போயிட்டு வாங்க” என்றாள்.

ஞாயிறு காலை நாற்பது வளைவுகளையும் ஏறினார். ஒவ்வொரு வளைவிலும் பெடல் காலுக்குப் பதில் சொன்னது.

எஸ்டேட் குவார்ட்டர்ஸ் வாசலில் காரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தார். மேகலை வெளியே வந்தாள். பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். பெல்ட் போட்டிருந்த கைத்தடியைப் பார்த்தாள்.

“வாங்கப்பா” என்றாள். முன்னால் நடந்தாள்.

கூடத்தில் பாய் விரித்திருந்தது. நாலைந்து நர்சுகள், மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை எழுந்து, பாயில் ஓர் இடத்தைக் கையால் காட்டினான். அந்த இடம் காலியாக இருந்தது. காலையிலிருந்தே காலியாக இருந்திருக்க வேண்டும்.

அவர் உட்கார்ந்தார். மேகலை குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். முதன்முறை பார்க்கிறார். வெந்நீர் வாசனை.

ஆசாரி எதிரே வந்து அமர்ந்து, சிவந்த பட்டுத் துணியைப் பிரித்தார்.

சுந்தரவடிவேலின் கண் துணிக்குப் போனது. ஊசிக்குப் போனது. ஆசாரியின் நகத்துக்குப் போனது. கழுத்து முன்னால் நீண்டது.

“ஆசாரி, அந்த ஊசி…”

மேகலை அவரைப் பார்த்தாள். நாலு வருடத்துக்கு முன்பு, அவர் ஆள் விட்டது தெரிந்தபோது பார்த்த அதே பார்வை.

குழந்தை அவர் கையிலிருந்து கொஞ்சம் நழுவியது.

அவர் வாயை மூடினார். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். ஒரு கையால் குழந்தையின் தலையையும், மறு கையால் நெஞ்சையும் அணைத்துக்கொண்டார்.

ஆசாரி ஊசியை எடுத்தார்.

“அப்பா,” என்றாள் மேகலை, “பிடிச்சிருக்கீங்களா?”

அவர் கண்ணை மூடினார்.

“பிடிச்சிருக்கேன்.”