ஒரு வாளி நல்ல ஆயில்

பண்ணையார் ஏகாம்பரத்தின் அரதப்பழசான டிராக்டரை ஓட்டிவந்தவள் செவந்தி. கியர் ஆயிலை மாற்றச் சொல்லி அவள் கேட்காத நாளில்லை.

"நல்ல ஆயில்தான் கிடக்கு. கியர் உடைஞ்சா உன் தப்பு, வேலையும் போச்சு!" என்று ஊர் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

செவந்தி விடவில்லை. மறுநாள் களத்தில் எல்லாரும் பார்க்க, பழைய ஆயிலை வாளியில் வடித்தாள். மையாய்க் கறுத்திருந்தது. வாளியோடு நேராகப் பண்ணையாரின் புது டிராக்டர் பக்கம் போனாள்.

"ஏய், என்ன பண்றே?"

"நல்ல ஆயில்னு சொன்னீங்களேய்யா. இதைப் புது வண்டிக்கு ஊத்திட்டு, அந்த ஆயிலைப் பழசுக்கு ஊத்திக்கிறேன்."

"ஐயோ, வேண்டாம்! கியர் பல்லெல்லாம் தேஞ்சுபோயிடும்!"

"அப்போ பழைய வண்டி மட்டும் பொக்கை வாயாங்கய்யா?"

களமே சிரித்தது. புது ஆயில் டின்னைப் பண்ணையாரே தூக்கிக்கொண்டு வந்தார்.