புரளி பிறந்த குளம்

கருவேலங்காட்டுக் குளத்தில் ஏதோ புரள்கிறது என்று காடு முழுக்கப் பேச்சு.

"அதுக்குத் தலையே இல்லையாம்!" என்றது மயில்.

"மூச்சுச் சத்தம் மட்டும் கேக்குதாம்!" என்றது மான்.

"நீங்க கண்ணால பார்த்தீங்களா?" என்று கேட்டது துள்ளி என்ற தாய் முயல்.

"ஐயோ, நாங்க எங்கே பார்த்தோம்? சொன்னாங்க!"

கோடைக்காலம். வேறெங்கும் சொட்டுத் தண்ணீர் இல்லை. துள்ளியின் ஒரே குட்டி நாக்கு வறண்டு கிடந்தது. பெற்ற மனம் கேட்குமா? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு துள்ளி குளத்துக்குப் போனது.

காற்றே இல்லை. ஆனாலும் தண்ணீர் அசைந்தது. கறுப்பாக ஏதோ மெல்லப் புரண்டது. துள்ளி இரண்டடி பின்வாங்கியது.

மேலே வந்தது ஓர் ஆமை!

"முதுகு அரிக்குது தாயி. சேத்துல புரளக் கூடாதா?"

துள்ளிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. காட்டைக் கூட்டிச் சொன்னது: "புரண்டது ஆமை! அதுக்கப்புறம் உங்க வாய்க்கு வாய் புரண்டு பேயாயிடுச்சு. இந்த மாதிரிக் கதைக்கு இனிமே 'புரளி'ன்னு பேரு!"

சொல் எல்லோருக்கும் பிடித்துப்போனது. துள்ளிக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியது. யார் எதைச் சொன்னாலும், "புரளி!" என்று வாயை அடைத்தது.

மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் குளத்துக்குள் புகுந்து வடிந்தது. சில நாளில் பன்றி ஒன்றைக் காணோம். பிறகு மானையும் காணோம்.

ஒரு சாயங்காலம் குட்டி நடுங்கிக்கொண்டே ஓடி வந்தது.

"அம்மா, குளத்துல ஏதோ புரளுதும்மா! ரெண்டு கண்ணு என்னையே பார்க்குது!"

"நீயுமா புரளி கிளப்புறே? வா, நான் கூட வர்றேன். பயப்படாம குடி!"

குட்டி தயங்கித் தயங்கித் தண்ணீரில் வாய் வைத்தது. எதிரே நீர் அசைந்தது. கறுப்பாக ஏதோ புரண்டு, நெருங்கி வந்தது.

"ஆமையண்ணே, விளையாடாதீங்க! பிள்ளை பயப்படுறான்!" என்று சிரித்தது துள்ளி.

முதுகுக்குப் பின்னால், புல்லுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நான் இங்கே இருக்கேன் தாயி."

துள்ளி திரும்பிப் பார்த்தது. மறுபடி குளத்தைப் பார்த்தபோது குட்டி நின்ற இடத்தில் ஈரம் மட்டும் இருந்தது. வெள்ளத்தோடு வந்த முதலை சத்தமே இல்லாமல் அடியில் இறங்கிவிட்டது.

பார்க்காமல் நம்புவது மட்டுமல்ல, பார்க்காமல் புரளி என்று தள்ளுவதும் உயிருக்கே உலை வைத்துவிடும்.