விடுங்க என்று சொல்லும்வரை

எங்கள் சாமியிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலை வரும். மடத்துச் சமையலைப் பார்க்கிற எனக்கு இது நன்றாகத் தெரியும். முக்தி எங்கே இருக்கிறது என்று ஒரு நாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டுப் பொழுது சாயும்வரை புளியில் கொட்டை எடுத்தவன் நான்.

குழந்தைவேலுவுக்கும் தெரியாததில்லை. கோபி டவுனில் சொந்தமாகக் கார் பட்டறை வைத்திருக்கிறவர், சாமியின் சீடர்களில் மூத்தவர். ஆனால் ஆசை வந்துவிட்டால் புத்தி எங்கே நிற்கிறது?

மடத்துக் கார் ரொம்பப் பழசு. கிளட்ச் கேபிளில் ஓடுவது. மிதித்தால் கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கும். மடத்தைச் சுற்றியுள்ள மலையில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் சாமிதான் அந்தியூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போவார். இப்போது இடது முழங்கால் வலி அவரைப் பாடாய்ப் படுத்துகிறது. கேபிளைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிற ஹைட்ராலிக் கிளட்ச் மாட்டித் தருகிறேன் என்று குழந்தைவேலு சொல்லியிருந்தார். விடியும்போதே மனைவி அமிர்தவல்லியோடும் சாமான்களோடும் வந்து இறங்கிவிட்டார். பட்டறையில் அவருக்கு எல்லாமே அந்த அம்மாள்தான்.

மத்தியானத்துக்குள் மாட்டியாயிற்று. கிளட்ச் மிதிக்குப் பின்னால் ஒரு சிலிண்டர், கீழே கியர்பாக்ஸ் பக்கம் ஒரு சிலிண்டர், இரண்டுக்கும் நடுவே ஒரு குழாய். ஆயிலும் ஊற்றியாயிற்று. குழாய்க்குள் மாட்டிக்கொண்ட காற்றை வெளியே எடுப்பது ஒன்றுதான் பாக்கி.

அப்போது பார்த்து மனிதர் வாய்க்காலில் குளித்துவிட்டு, பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த புது வேட்டியைக் கட்டிக்கொண்டு சாமி முன்னால் போய் நின்றார். நான் பக்கத்தில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வேண்டுமென்று ஒட்டுக் கேட்கவில்லை, காதில் விழுந்தது.

வீடும் பட்டறையும் போதும், இனி இங்கேயே இருந்துவிடுகிறேன், காவி கொடுங்கள் என்றார். அமிர்தவல்லியிடம் சொல்லியாயிற்றா என்று சாமி கேட்டார். இன்னும் இல்லை, சொன்னால் அழுவாள் என்றார். எனக்கு வந்ததே கோபம். அந்த அம்மாள் கையெல்லாம் கிரீஸோடு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருக்கிறாள்.

"வீடு வாசலை எப்ப விடறது சாமி? அதை மட்டும் சொல்லுங்க."

"காத்து எடுத்தாச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"முதல்ல அதை முடி. நீ மேல உக்காந்து மிதி. கீழ படுத்தா புது வேட்டி அழுக்காயிரும்."

குழந்தைவேலு ஒரு மாதிரி விழித்தார். பட்டறையில் எப்போதும் கீழே படுப்பது அவர்தான். மேலே உட்கார்ந்து மிதிப்பது அமிர்தவல்லி. இன்றைக்கு அந்த அம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, சாக்கை விரித்துப் போட்டு, ஸ்பேனரோடு காருக்கு அடியில் போனாள்.

நானும் வெள்ளரிக்காய்த் தட்டோடு காருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். வேலை பெரிதில்லை. மேலே இருப்பவர் மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே இருப்பவர் சிலிண்டரில் காற்றை வெளியே விடுவதற்கென்றே இருக்கிற சின்னத் திருகை, நிப்பிளை, திறந்தால் காற்று ஆயிலோடு கொப்பளித்து வெளியே வரும். நிப்பிளை மூடிவிட்டு, "விடுங்க" என்று கீழே இருந்து குரல் வந்த பிறகுதான் காலை எடுக்கலாம்.

"மிதிங்க. பிடிங்க."

நிப்பிள் திறந்ததும் மிதி தரைவரை இறங்கியது. முடிந்தது என்று நினைத்து மனிதர் காலை எடுத்துவிட்டார். வெளியே போன காற்று வந்த வழியே உள்ளே ஏறிக்கொண்டது.

"நான் விடுங்கன்னு சொன்னனுங்களா?" என்று அடியிலிருந்து கேட்டாள்.

மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை பிடித்துக்கொண்டே இருந்தார். கீழே ஸ்பேனர் நழுவியதோ என்னமோ, சத்தத்தையே காணோம். அவருக்குத் தொடை நடுங்க ஆரம்பித்தது. இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார்.

"கல்யாணம் ஆன நாளா நான் அங்க உக்காந்து பிடிச்சிட்டிருக்கறேன். ஒரு நாளாவது கேட்டிருக்கறனுங்களா?"

அதில் கோபம் இல்லை. தோசைக்கு மாவு இருக்கிறதா என்று கேட்கிற குரல்தான். குழந்தைவேலு ஸ்டியரிங்கைப் பற்றிக்கொண்டு எட்டிக் குனிந்து பார்த்தார். அந்த சீட்டிலிருந்து பார்த்தால் கீழே இருக்கிறவர்களின் முகம் தெரியாது. அதுவும் அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். சாமி கார்க் கதவில் சாய்ந்தபடி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் மனிதர் சொன்னபடி கேட்டார். மிதிக்கச் சொன்னால் மிதித்தார், விடச் சொன்னால் விட்டார். வேட்டி வியர்வையில் நனைந்து கசங்கிப் போனது. கொஞ்ச நேரத்தில் மிதி காலுக்குக் கீழே கெட்டிப்பட ஆரம்பித்தது.

"இப்பப் பிடிச்சிருக்குதுங்களா?"

"பிடிச்சிருக்குது," என்றார் குழந்தைவேலு, கொஞ்சம் சத்தமாகவே.

அடியில் ஒரு சிரிப்பு கேட்டது. "பொண்ணு பார்க்க வந்தன்னைக்குக்கூட இத்தனை சத்தமாச் சொல்லலீங்க."

சாமி வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் வெள்ளரிக்காயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். குழந்தைவேலுவுக்கு அந்த வயதில் வெட்கம் வந்துவிட்டது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அமிர்தவல்லி வெளியே வந்ததும் சாமி சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வேப்பமரத்தைச் சுற்றிக் காரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். கால் வைத்ததே தெரியவில்லை, இனி மலைக்காரர்களுக்குக் கவலையில்லை என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என்ஜினை அணைத்துவிட்டு, நினைவு வந்தவர் போலத் திரும்பினார்.

"என்னமோ கேட்டியே, வேலு?"

குழந்தைவேலு மனைவி இருந்த பக்கம் பார்த்தார். அவள் தலைமுடியில் மண்ணோடு உட்கார்ந்து ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப விடறதுன்னு கேட்டேனுங்க," என்றார்.

"ஸ்பேனர் அம்மணி கையில இருக்குது," என்றார் சாமி. "நீ என்னை வந்து கேக்கறே."