முட்டை பத்தாத நாடகம்

சுண்டைக்காய்ப்பட்டி அரசு உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தி இல்லை என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். வாய் கூசாமல் சொல்லும் பொய் அது. புத்தியெல்லாம் நிறையவே இருக்கிறது. வீணாகச் செலவழிக்க வேண்டாமே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதிலும் ஒன்பதாம் வகுப்பு அழகுமீனாள் இருக்கிறாளே, அவள் பள்ளி நாடகக் குழுவுக்கே தலைவி. ராஜா வேஷம் கட்டும் இருளாண்டி, மந்திரி ஜெயசீலி, படைவீரன் மூக்கையா, இந்த மூன்று பேரும் அவள் குழு. பெரியவர்கள் ஒன்று சொன்னால் அதைச் சொன்னபடி செய்கிற தங்கமான பிள்ளைகள். ஒருநாள் தலைமையாசிரியை பத்மாவதி டீச்சர், "கதவைப் பார்த்துக்கங்க, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு பேரும் கண் இமைக்காமல் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜன்னல் வழியாக வந்த குரங்கு சாக்பீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. "கதவுப் பக்கம் ஒரு ஈ காக்கா வரலை டீச்சர்" என்று ஜெயசீலி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

அந்த வருஷம் பத்மாவதி டீச்சர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். வட்டாரக் கலைத் திருவிழாவில் இந்தத் தடவையாவது ஒரு பரிசு வரவேண்டும். வராவிட்டால் வெள்ளிக்கிழமை கலைப் பீரியடும் கலை அறையும் கணக்குப் பாடத்துக்குப் போய்விடும். கணக்கு வாத்தியார் கந்தவேல் அன்று சாயங்காலமே கலை அறைச் சுவரை அளந்து, கரும்பலகை மாட்ட பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் அழகுமீனாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மற்ற நாளெல்லாம் உட்காரு, எழுந்திரு, வாயை மூடு என்று ஊரே அவளை ஏவும். வெள்ளிக்கிழமை மட்டும் அவள் சொன்னால் ஒரு ராஜாவே உட்காருவான், எழுந்திருப்பான். அந்த அறையும் போய்விட்டால் அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு எதற்கு வருவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

நாடகத்தை எழுதியவர் தமிழாசிரியர் தில்லைநாயகம் சார். கதை சின்னது. தாகத்தில் தவிக்கும் ராஜா, கடைசிச் சொட்டுத் தண்ணீரைப் படைவீரனுக்குக் கொடுத்துவிட்டுச் செத்துப்போவார். ஒத்திகை நாள்கணக்கில் நடந்தது. ராஜா செத்தபிறகும் கொசு அடிப்பார், மந்திரி ராஜாவின் வசனத்தையும் சேர்த்துப் பேசுவாள். கடைசி நாள்தான் எப்படியோ எல்லாம் கூடி வந்தது.

கூடி வந்தது என்றால் சும்மா இல்லை. ராஜாவின் பூவரச இலை மகுடத்தை மூக்கையா வீட்டு வெள்ளாடு உள்ளே வந்து தின்றது. சார் கட்டடம் அதிரத் தும்மினார். இருளாண்டி நடுவில் வசனத்தை விட்டுவிட்டு நிற்க, "ஏண்டா மரம் மாதிரி நிக்கிற, பேசித் தொலை!" என்று சார் கத்தினார். ராஜா உயிர் பிரியும் நேரம் பார்த்துச் சத்துணவுக்கூடத்திலிருந்து சின்னப்பொண்ணு அக்கா, "சார், முட்டை பத்தலை!" என்று குரல் கொடுத்தார். ஆனாலும் ராஜா செத்த அழகில் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீர்ப் பானைமேல் இருந்த பித்தளைச் சொம்பை எடுத்து, "இந்தாடா, முதல் பரிசு!" என்று இருளாண்டி கையில் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். மணி அடித்தது, வீட்டுக்கு ஓடினார்கள்.

ஓடுகிறவர்களைப் பார்த்துச் சார் ஒன்று சொன்னார், பாவம். "நாளைக்கு இதே மாதிரி செய்யுங்க பிள்ளைகளா. ஒரு இம்மி கூடவும் கூடாது, குறையவும் கூடாது!"

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாப்பில் நாலு பேரும் கூடிப் பேசினார்கள்.

"சார் ஒரு இம்மின்னு சொல்லிட்டாரு. அப்ப ஆடு வேணும்" என்றாள் அழகுமீனாள்.

"ஆடு ரெடி" என்றான் மூக்கையா. ஆடு அவன் பக்கத்தில்தான் நின்றது.

"தும்மல்?" என்று கேட்டான் இருளாண்டி.

"நான் சார் மாதிரி தும்முறேன். திட்டுறதும் நானே திட்டிர்றேன். முட்டை பத்தலைன்னும் நானே ஓரத்துல நின்னு கத்திருவேன்" என்றாள் அழகுமீனாள்.

ஜெயசீலி முகத்தைச் சுளித்தாள். "அது பொய்யில்ல? மேடையில நின்னு பொய் சொன்னா பரிசு குடுப்பாகளா?"

நியாயமான கேள்வி. நாலு பேரும் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் இருளாண்டிக்குத்தான் யோசனை வந்தது. "நாலு பேருக்கு மூணு முட்டை அவிச்சுக் கொண்டு போவோம். அப்ப நெசமாவே பத்தாதுல்ல?"

"ராஜான்னா ராஜாதான்டா நீ!" என்று அழகுமீனாள் அவன் முதுகில் தட்டினாள். ஆட்டுக்கு என்ன டிக்கெட் என்று கண்டக்டர் யோசிப்பதற்குள் விழா நடக்கும் ஊர் வந்துவிட்டது.

விதியைப் பாருங்கள், தில்லைநாயகம் சாரைக் கோலப் போட்டிக்கு நடுவராகப் போட்டு வேறு கட்டடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தடுக்க ஆளில்லாமல் நாடகம் ஆரம்பமானது. முன்வரிசையில் வட்டாரக் கல்வி அதிகாரி, பக்கத்தில் நடுவர்கள், மேஜைமேல் வரிசையாகக் கோப்பைகள்.

முதல் வசனம் கணீரென்று வந்தது. அடுத்து ஆடு. மூக்கையா ஆட்டை அவிழ்த்து விட்டான். ஆடு மேடைக்கு வந்து சபையைப் பார்த்து நின்றது. இருளாண்டி தலையைக் குனிந்து மகுடத்தைக் காட்டினான். ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ராத்திரியே பறித்த இலை, வாடிப்போயிருந்தது. ஆட்டுக்கும் ஒரு ருசி இருக்காதா?

இருளாண்டி குனிந்தபடியே நின்றான். மகுடம் போனபிறகுதானே அடுத்த வசனம்! சபை சலசலத்தது.

"தின்னாத்தான் மேற்கொண்டு பேச முடியும்" என்று ராஜா குனிந்தவாக்கில் முனகினார்.

"இம்மி குறையக் கூடாதுடா, விட்றாத" என்றாள் மந்திரி.

மூக்கையா ஆட்டையும் மகுடத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "ஆடு எங்க வீட்டு ஆடு. அது தின்னா என்ன, நான் தின்னா என்ன?" என்றபடி ராஜாவின் தலையிலிருந்து மகுடத்தை எடுத்து இலை இலையாகத் தின்று தீர்த்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் விடவில்லை. அதிகாரி வாயில் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டார்.

அப்புறம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அழகுமீனாள் ஓரத்திலிருந்து தும்மினாள். மைக் வீறிட்டது. இருளாண்டி வசனம் நன்றாக நினைவிருந்தும் கடமைக்காக மறந்து நின்றான். "ஏண்டா மரம் மாதிரி நிக்கிற, பேசித் தொலை!" என்று அவள் கத்தினாள். ராஜா தண்ணீரை வீரனுக்குக் கொடுத்தார். இலை தின்ற வாய்க்கு அது அமிர்தம், மூக்கையா மடக்மடக்கென்று குடித்தான். ராஜா சாய்ந்தார், உயிர் ஊசலாடியது.

"சார், முட்டை பத்தலை!"

செத்துக்கொண்டிருந்த ராஜா, அது உண்மைதான் என்று தலையை ஆட்டிவிட்டுச் செத்தார். அதிகாரி நாற்காலியில் உருண்டு உருண்டு சிரித்தார்.

நாடகம் முடிந்தது என்று சபை நினைத்தது. சுண்டைக்காய்ப்பட்டிக்கல்லவா தெரியும், இன்னும் பாக்கி இருப்பது! அழகுமீனாள் நேராக மேஜைக்குப் போனாள். இருப்பதிலேயே பெரிய கோப்பையை எடுத்து, "இந்தாடா, முதல் பரிசு!" என்று இருளாண்டி கையில் கொடுத்தாள். நாலு பேரும் கை தட்டினார்கள். பிறகு வீட்டுக்கு ஓடினார்கள். நடுவர்கள் வாயை மூடுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. இன்னும் ஏழெட்டுப் பள்ளிகள் வேஷம் கட்டிக்கொண்டு காத்திருந்தன.

மறுநாள் காலை வழிபாட்டில் பத்மாவதி டீச்சர் கோப்பையைத் தூக்கிக் காட்டி அழகுமீனாள் பெயரை மைக்கில் சொன்னார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கலை அறை பிழைத்தது, அது போதும், அது போதும் என்று மனசு அடித்துக்கொண்டது. அப்போதுதான் ஆபீஸ் அறையில் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு ஓடிய கோப்பை எங்கே என்று விழாக்காரர்கள் கேட்டார்கள்; பேசிவிட்டு வந்த டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை.

தில்லைநாயகம் சார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "மானத்தை வாங்கிட்டீங்களே! போங்க, எப்படி எடுத்துட்டு வந்தீங்களோ அப்படியே கொண்டுபோய் அதிகாரிகிட்ட குடுத்துட்டு வாங்க!"

வழியெல்லாம் ஒரே விவாதம். "நாடகத்த முடிச்சுத்தான கோப்பையை எடுத்தோம்? அப்ப குடுக்கும்போது?" என்று கேட்டான் மூக்கையா.

"கோப்பையில ஆரம்பிச்சு முதல் வசனத்துல முடிக்கணும். வேற வழியே இல்ல" என்றாள் அழகுமீனாள். கோப்பை போனால் அறையும் போயிற்று. ஆனால் சார் சொல்லைத் தட்ட முடியுமா?

அதிகாரி ஏதோ கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பேரும் முதுகைக் காட்டிப் பின்னோக்கியே நடந்து உள்ளே வந்தார்கள். முதலில் கை தட்டினார்கள். இருளாண்டி கோப்பையை அழகுமீனாளிடம் கொடுக்க, அவள் அதை மேஜைமேல் வைத்தாள். இருளாண்டி தரையில் படுத்துச் செத்து, பிறகு மெல்ல உயிர் பிழைத்தான்.

"சார், முட்டை மிஞ்சிப்போச்சு!" என்று அழகுமீனாள் கத்தினாள்.

மூக்கையா வாய் நிறையக் கொண்டுவந்த தண்ணீரைச் சொம்பில் திருப்பித் துப்பி ராஜாவிடம் கொடுத்தான். தும்மல் வரவேண்டிய இடத்தில் அழகுமீனாள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள். "மகுடத்தை மட்டும் திருப்பித் தர முடியலை, மன்னிச்சுக்கங்கய்யா" என்று மூக்கையா வயிற்றைத் தடவிக்காட்டிக் கை கூப்பினான்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சிரித்துச் சிரித்து அவருக்கு விக்கலே வந்துவிட்டது. "கோப்பை நல்லா நடிச்ச பள்ளிக்கூடத்துக்குத்தான் போகணும்மா. உனக்கு வேற என்ன வேணும், கேளு."

அழகுமீனாள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். "கோப்பை போனாப் போகுதுய்யா. எங்க கலை அறையை மட்டும் எடுத்துறாதீகன்னு சொல்லுங்கய்யா!"

அதிகாரி உடனே பத்மாவதி டீச்சருக்குப் போன் போட்டார். பிள்ளைகள் காதில் விழும்படி அழுத்தம் திருத்தமாகச் சொன்னார். "வெள்ளிக்கிழமை கலைப் பீரியட் அப்படியே இருக்கட்டும். அந்த அறைக்குள்ள யாரும் நுழையக் கூடாது. இது என் உத்தரவு!"

அழகுமீனாள் பள்ளிக்குச் சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. தில்லைநாயகம் சார் புது நாடகத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு சந்தோஷமாகக் கலை அறைக்கு வந்தார். கதவு பூட்டியிருந்தது. அழகுமீனாள், ஜெயசீலி, மூக்கையா மூன்று பேரும் கைகளை அகல விரித்து வாசலை மறித்து நின்றார்கள்.

"கதவைத் திறங்க பிள்ளைகளா."

"யாரும் நுழையக் கூடாதுன்னு உத்தரவு சார்" என்றாள் அழகுமீனாள். முகமெல்லாம் அப்படி ஒரு பூரிப்பு. "இனிமே எந்தக் கொம்பனாலும் நம்ம கலை அறையைத் தொட முடியாது!"

"அடியே, அது மத்தவங்களுக்கு!"

மூன்று பேரும் கூடிக் குசுகுசுவென்று பேசினார்கள். ஜெயசீலி நிமிர்ந்தாள். "அதிகாரி யாரும்னுதான் சொன்னாரு சார். அதுல நீங்களும் உண்டு, நாங்களும் உண்டு. அதான் நாங்களே வெளிய நிக்கிறோம்."

சார் சுவரில் சாய்ந்துகொண்டார். "சரி, ராஜா எங்கே?"

"உள்ள இருக்கான் சார். யாரும் நுழையுறாங்களான்னு உள்ளயிருந்து பார்க்க ஒரு ஆள் வேணும்ல?"

"அப்ப அவன் நுழையலாமா?"

மூன்று பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. மூக்கையா கதவைப் பட்பட்டென்று தட்டினான். "டேய் இருளாண்டி, வெளிய வாடா! உத்தரவை மீறிட்ட!"

"வர மாட்டேன்!" உள்ளேயிருந்து ராஜாவின் குரல் கம்பீரமாகக் கேட்டது. "நான் வரணும்னா கதவைத் திறக்கணும். திறந்தா யாராச்சும் நுழைஞ்சிருவீங்க. சாவி என்கிட்டதான் இருக்கு சார், நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க!"